பாடபேதம்

எட்மண்டனில் கெஸ்ட்ரல் எழுதுகிறவர்கள்
மொத்தம் பதினொரு பேர்.
எண்ணியது நான்தான்.
கெஸ்ட்ரல் இங்கே பறவையல்ல, நிரல்மொழி.
அதை வைத்து வேலை கிடைக்காது
என்று தெரிந்தே கற்றவர்கள்.

அக்டோபரில் ஒரு விக்கியைத் திறந்து
முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன்:
"மூன்றாம் வியாழன், மாலை ஏழு,
ஸ்ட்ராத்கோனா நூலகம், கீழ்த்தளம்.
யார் வேண்டுமானாலும் திருத்தலாம்."

கடைசி வாக்கியத்தை
இவ்வளவு நம்புவார்கள் என்று நினைக்கவில்லை.

விடிவதற்குள் டேல் ஃபெடொருக்
ஏழை ஏழேகால் ஆக்கியிருந்தார்.
அவருடைய பேருந்து அப்போதுதான் வரும்.
மாரிபெல் அதை மறுபடி ஏழாக்கினாள்.
ஒன்பதுக்கு நீச்சல்குளத்தில்
அவள் பிள்ளை ஈரத்தலையோடு காத்திருப்பான்.
டேல் மறுபடி ஏழேகால்.
நான்கு நாள் அந்தக் கடிகாரம்
முன்னும் பின்னும் ஆடியது.
ஒருவரும் ஒருவரை அழைத்துப் பேசவில்லை.

பிறகு பக்கங்கள் முளைத்தன.
நிறுவுவது எப்படி.
நிறுவியது ஓடாவிட்டால் யாரைத் திட்டுவது.
சாவி யாரிடம்.
பிஸ்கட் முறை.
"கேட்கக் கூச்சமாக இருக்கும் கேள்விகள்" –
இதைத் தொடங்கியது யாரென்று பார்த்தால்
வெறும் எண் வரிசை. பெயரில்லை.

பெயரில்லாத அந்த ஆள்
இரவு மூன்று மணிக்கு வருவார்.
காற்புள்ளி வைப்பார்.
என் உதாரண நிரலில் நான் மூட மறந்த
அடைப்புக்குறியை மூடிவிட்டுப் போவார்.
ஒருமுறை
"இதை எளிதாகச் செய்யலாம்" என்றிருந்ததில்
"எளிதாக" மட்டும் காணவில்லை.
அன்று முழுக்கக் கோபம்.
மறுநாள் படித்தேன்,
வாக்கியம் சரியாகத்தான் இருந்தது.

தமிழ் முதுகலை படித்த தங்கை பவதாரிணி
தொலைபேசியில் சிரித்தாள்:
"உரையாசிரியர்களுக்கு நூற்றாண்டு பிடித்த சண்டையை
ஒரு வாரத்தில் முடித்துவிட்டீர்கள்.
பாடபேதமும் இருக்கிறது, இடைச்செருகலும் இருக்கிறது."
ஒரு வித்தியாசம்.
எங்களிடம் 'வரலாறு' என்றொரு பொத்தான்.
அழுத்தினால்
யார், எத்தனை மணிக்கு,
எந்தச் சொல்லை எந்தச் சொல்லால் அடித்தார்
எல்லாம் சிவப்பிலும் பச்சையிலும்.

ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
நூலகத்தில் குழாய் வெடித்து
கதவில் தாள் ஒட்டியிருந்தார்கள்.
சாவி என்னிடம். பயனில்லை.
கையுறையைப் பல்லால் கழற்றி
"வைட் அவென்யூ டோனட் கடை" என்று
மரத்த விரலால் தட்டிச் சேமித்தேன்.
திரை சொன்னது:
உங்களுக்கு முன் வேறொருவர்
இந்தப் பக்கத்தை மாற்றிவிட்டார்.

டேல்.
பேருந்திலிருந்தே நூலகத்தைக் கேட்டுவிட்டு
"109ஆம் தெரு, வியட்நாமியக் கடை" என்று போட்டிருக்கிறார்.

அவருடையதை அழித்திருக்கலாம்.
நிர்வாகி நான், ஒரே அழுத்தல்.
குளிர் என்னை நியாயம் பேச விடவில்லை.
நடுவே ஒரு "அல்லது" போட்டு
இரண்டையும் விட்டுவிட்டேன்.

டோனட் கடையில் நாங்கள் நான்கு பேர்.
அங்கே ஐந்து பேர், சூப்புக் கிண்ணங்களோடு.
இடையில் ஆறேழு தெருப் பனி.
அன்றைக்குப் பேச வேண்டியது
பிழைகளைக் கையாள்வது பற்றி.
அவர்கள் குறிப்பெழுத எழுத
எங்கள் பக்கத்தில் வரி ஏறியது.
கீழே நாங்கள் எழுதினோம்.
என் எதிரே உட்கார்ந்து குர்நூர் கேட்டதற்கு
அங்கிருந்து மாரிபெல் விடை சொன்னாள்,
ஒரு எழுத்துப்பிழையோடு.
யாரோ உடனே திருத்தினார்கள்.

கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்க்கும்போது
எண்ணிப் பார்த்தேன்.
நான்கும் ஐந்தும் ஒன்பது.
வரலாற்றில் பத்துப் பேரின் கை.

பத்தாவது கை,
என் "அல்லது"க்குப் பின் இன்னொரு "அல்லது" சேர்த்து
எழுதியிருந்தது:
"வர முடியாதவர்கள், இங்கேயே."

பிப்ரவரியில் அந்த வரியை அழிக்க மறந்துவிட்டேன்.
மார்ச்சில் மறக்கவில்லை.
இருக்கட்டும் என்று விட்டேன்.

குழாய் சரியாகிவிட்டது.
நேரம்தான் இன்னும் முடிவாகவில்லை.
நேற்றிரவு ஏழு.
இன்று காலை
ஏழேகால்.